மூணு ராத்திரியைத் தின்ற வைஃபை டாங்கிள்

ஐப்பசி மழையில் விழுந்த ஒரு இடி, எங்கள் கடை கம்ப்யூட்டரில் நெட் கேபிள் சொருகும் லேன் போர்ட்டைக் கொண்டுபோய்விட்டது. திருமங்கலத்தில் சின்ன டிடிபி கடை. பழைய ஐ3 பெட்டி, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மிண்ட் 21, அதன் மையமான கர்னல் 5.15. மதர்போர்டு மாற்றக் காசில்லை. மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் அறுநூற்றுச் சொச்சத்துக்கு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கிவந்தேன். அட்டையில் ‘டூயல் பேண்ட்’ என்று கொட்டை எழுத்து. உள்ளே என்ன சிப் என்று மட்டும் எங்கேயும் இல்லை. அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும்.

சொருகியதும் வைஃபைக்குப் பதில் சிடி ஐகான் ஒன்று வந்தது. திறந்தால் விண்டோஸ் செட்டப் ஃபைல். எல்எஸ்யுஎஸ்பி (சொருகியிருக்கும் யுஎஸ்பி சாமான்களின் ஐடியைக் காட்டும் கட்டளை) போட்டால் ‘ரியல்டெக், 0பிடிஏ:1ஏ2பி’. சரி, ரியல்டெக்தானே என்று, முன்பு ஒரு நண்பர் கொடுத்து வைத்திருந்த ரியல்டெக் டிரைவரின் (சிப்பைக் கர்னலோடு பேசவைக்கும் மென்பொருள்) சோர்ஸ் கோடை எடுத்து, அதைக் கம்பைல் செய்யும் மேக் கட்டளையைக் கொடுத்தேன். மூன்றே வரியில் நின்றது: லிப் மாட்யூல்ஸ் அடியில் பில்ட் என்ற டைரக்டரியே இல்லையாம். டிரைவர் கம்பைல் செய்யத் தேவைப்படும் கர்னல் ஹெட்டர்ஸ் ஃபைல்கள் இல்லை என்று அர்த்தம். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் டெதரிங் போட்டு (இதற்குத் தனி டிரைவர் எதுவும் வேண்டாம், மறந்துவிடாதீர்கள்) ஹெட்டர்ஸ் இறக்கினேன். மறுபடியும் அதே எர்ரர்! அரைமணி நேரம் கழித்துத்தான், ஓடும் கர்னல் எது என்று சொல்லும் யூநேம் -ஆர் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். அப்டேட்டில் புதுக் கர்னல் வந்திருக்கிறது, நான் ரீபூட் செய்யவில்லை. ஓடுவது பழையது, இறக்கிய ஹெட்டர்ஸ் புதியதுக்கு.

ரீபூட் செய்து மேக் கொடுத்தால் திரை முழுக்க எர்ரர் கொட்டியது. கடைசி வரி ‘மேக் எர்ரர் 2’. அந்த வரியையே வெறித்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. மேலே ஏறிப் போய் முதல் எர்ரரைப் பார்த்தால், கெட்_எஃப்எஸ் என்ற ஃபங்ஷனைக் காணவில்லை. எக்ஸ்86-ல் (என் ஐ3 போன்ற ப்ராசஸர் வகை) அதைக் கர்னல் 5.10-லேயே தூக்கிவிட்டார்கள். என் கையில் இருந்தது 4.x காலத்துச் சோர்ஸ். கையாலேயே திருத்தலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்து ப்ராக் (கர்னல் தன் தகவலை ஃபைல்களாகக் காட்டும் இடம்) சம்பந்தமாக இன்னொன்று, அது 5.6-ல் மாறியதாம். விடிகாலை இரண்டு மணிக்கு டாங்கிளே டூப்ளிகேட் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிப் படுத்தேன்.

மறுநாள் கடையை அடைத்துவிட்டு பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு பஸ் ஏறினேன். டவுன்ஹால் ரோட்டுக் கடையில் இருந்த தம்பி டாங்கிளை வாங்கி அவர்கள் விண்டோஸ் பெட்டியில் சொருகினார். இரண்டே நிமிடம். நெட் ஓடுகிறது.

“பாத்தீங்களாண்ணே, நல்லாத்தான இருக்கு?”

“என்னுது லினக்ஸ் தம்பி.”

“அதுக்கெல்லாம் நாங்க பொறுப்பில்லண்ணே. பேசாம விண்டோஸ் போட்டுக்கங்க.”

மாற்றியும் தரவில்லை, காசும் தரவில்லை. ஒரு நாள் வியாபாரம் போச்சு. ஆனால் அவர் திரையில் டிவைஸ் மேனேஜர் திறந்திருந்தது. ‘ரியல்டெக் 8811சியு’ என்று கண்ணில் பட்டது. பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். நான் கம்பைல் பண்ணிக்கொண்டிருந்ததோ 8812-க்கான சோர்ஸ்! அது தப்பில்லாமல் கம்பைல் ஆகியிருந்தாலும் என் டாங்கிளைத் திரும்பிப் பார்த்திருக்காது.

கடைக்குத் திரும்பி வந்து அந்தச் சிடி ஐகானை ரைட் கிளிக் செய்து எஜெக்ட் கொடுத்தேன். மறுபடி எல்எஸ்யுஎஸ்பி போட்டால் ஐடி மாறியிருந்தது: 0பிடிஏ:சி811. விஷயம் இவ்வளவுதான். இந்த வகை டாங்கிள் முதலில் தன்னைச் சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். எஜெக்ட் செய்தால்தான் வைஃபையாக மாறும். யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற பேக்கேஜ் வைத்து இதைத் தானாக நடக்கவைக்கலாம். 1ஏ2பி-யை வைத்துக்கொண்டு டிரைவர் தேடாதீர்கள். அது டாங்கிளின் உண்மையான பெயரே இல்லை.

சரியான சிப்புக்கு, அப்போது பராமரிப்பில் இருந்த 8821சியு சோர்ஸை எடுத்தேன் (8811-க்கும் அதேதான்). புதுக் கர்னல் வரும்போதெல்லாம் டிரைவரைத் தானே கம்பைல் செய்யும் டிகேஎம்எஸ் வழியாகப் போட்டேன். வெறும் மேக் இன்ஸ்டால் போட்டால் அடுத்த கர்னல் அப்டேட்டில் வைஃபை காணாமல் போகும். கம்பைல் பாதி ஓடும்போது காலை மணி ஒன்பது, டப்பென்று கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. யுபிஎஸ் பேட்டரி செத்து ஆறு மாசம் ஆகிறது. சாயங்காலம் கரண்ட் வந்து தொடர்ந்தால், கம்பைல் ஆன துண்டுகளை ஒட்டும் இடத்தில் புதுசாக ஒரு லிங்கர் எர்ரர். பார்த்தால், அந்தத் துண்டுகளான .ஓ ஃபைல்களில் சில பூஜ்ஜிய பைட்டில் உட்கார்ந்திருந்தன. ஏற்கெனவே இருக்கிற ஃபைலை மேக் மறுபடி உருவாக்காது அல்லவா! பழையதை ரிமூவ் செய்து, மேக் க்ளீன் கொடுத்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். எர்ரர் இல்லாமல் முடிந்தது.

டிரைவரைக் கர்னலுக்குள் ஏற்ற மாட்ப்ரோப் கட்டளை கொடுத்தேன். ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்.’

அழுதுவிடலாம் போலிருந்தது. செக்யூர் பூட். அந்தப் பாதுகாப்பு ஆனில் இருந்தால், டிஜிட்டல் கையெழுத்தில்லாத மாட்யூலை (கர்னலுக்குள் ஏற்றும் டிரைவர்) கர்னல் உள்ளே விடாது. டிகேஎம்எஸ் போட்ட கையெழுத்தையும் பூட் ஆகும்போது வரும் ஒரு நீலத் திரையில் நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். மோக்யூட்டில் என்ற கட்டளையால் அந்தக் கையெழுத்தின் சாவியை (மோக்) இம்போர்ட் செய்து ஒரு பாஸ்வேர்டு கொடுத்து ரீபூட் செய்தேன். அந்த நேரம் பார்த்து ஆதார் ஜெராக்ஸ் கேட்டு ஒரு அக்கா வந்தார். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்த நீலத் திரை வந்து போயிருந்தது. பத்து விநாடிதான் காத்திருக்கும், ஏதாவது ஒரு கீ அழுத்தாவிட்டால் பேசாமல் பூட் ஆகிவிடும். மறுபடி இம்போர்ட், மறுபடி ரீபூட். இந்தத் தடவை கடை வாசலில் யார் நின்றாலும் எழவில்லை. என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு. அடிக்கும்போது எழுத்து தெரியாது, பயப்படாமல் அடியுங்கள்.

பூட் ஆனது. டாங்கிளின் நீல விளக்கு மினுக்கென்றது. வைஃபை பட்டியலில் பக்கத்து மெடிக்கல் ஷாப், மாடி வீடு, கடைசியாக என் ரவுட்டர்.

கர்னல் 6.2 அல்லது அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் இவ்வளவும் செய்ய வேண்டாம். கர்னலோடு வரும் ஆர்டிடபிள்யு88 டிரைவருக்குள்ளேயே இந்தச் சிப் வந்துவிட்டது. மேலே இன்னொரு டிரைவரைக் கம்பைல் செய்து வைத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும், ஒன்றை ஏறவிடாமல் பிளாக்லிஸ்ட் செய்ய வேண்டிவரும். நான் 5.15-லேயே இருக்கிறேன். ஹெட்டர்ஸ்-ஜெனரிக் பேக்கேஜ் போட்டுவிட்டதால், போன வாரம் வந்த அப்டேட்டில் டிகேஎம்எஸ் தானே கம்பைல் செய்துகொண்டது. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் போட்டுப் பார்த்தேன், இரண்டு கர்னலுக்கும் ‘இன்ஸ்டால்டு’ என்று இருந்தது. யுபிஎஸ் பேட்டரி மட்டும் இன்னும் மாற்றவில்லை.