கிரெய்ஸ்லருக்குச் சுருதி சேர்த்தது

ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கைக்கு வந்த அரக்கு ரெக்கார்டுகளைக் கணினிக்கு மாற்றும் வேலை பாதியைத் தாண்டிவிட்டது. எல்லாமே மேற்கத்திய வயலின் மேதைகள்: ஃபிரிட்ஸ் கிரெய்ஸ்லர், மிஷா எல்மன், யாஷா ஹைஃபெட்ஸ். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு 3 நிமிடம், பன்னிரண்டு அங்குலத்தில் நாலரை. அதற்குள் அடங்குகிற துக்கடாக்கள்தான்.

மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. ஸ்பிரிட் தொடக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு சொட்டு, மெல்லிய பிரஷ், லேபிளில் ஈரம் படாத கவனம், அவ்வளவுதான். சேலத்து வெயிலில் காயவைத்தால் தட்டு வளைந்துவிடும் என்பதால் ஃபேனுக்கு அடியில் உலர்த்தினேன்.

முள்ளும் வேறு வேண்டும். எல்பி முள்ளின் நுனி 0.7 மில்தான் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அரக்குத் தட்டின் அகலப் பள்ளத்தில் அது அடியில் போய் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். 3 மில் முள் மாற்றியதும் வயலின் முன்னால் வந்துவிட்டது.

சரி, இனிதான் தலைவலி. ‘78’ (நிமிடத்துக்கு 78 சுற்று) என்று பெயரே தவிர, 1925-ல் மைக் வருவதற்கு முன்னால் ஒலியைத் திரட்டும் கூம்புக் குழாய் முன் வாசித்துப் பதிந்த தட்டுகள் பல அந்த வேகத்தில் ஓடியதில்லை. 74-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும், காலமும் ஓடும். கிரெய்ஸ்லரின் ‘லீபஸ்லைட்’ ஏ மைனரில் எழுதியது, அதாவது ‘ஏ’ என்ற ஸ்வரம்தான் அதற்கு ஆதாரம். டியூனர் ஆப்பை வைத்துக்கொண்டு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன். 76 பக்கம் வந்ததும் ஏ-யில் உட்கார்ந்தது. அன்றைக்கு ஏ என்பது நொடிக்கு 435 அதிர்வா 440-ஆ என்பதே இடத்துக்கு இடம் மாறும், ஆகவே ஒரு சுற்று முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அவசரமாக வாசிப்பவர் போல இருந்த மனிதர் நிதானமாகிவிட்டார். பக்கத்து வீட்டு வயலின் வாத்தியார் கேட்டுவிட்டு, “என்ன தம்பி, ஜாரு எல்லாம் நம்மாளு மாதிரியே போடறாரு!” என்றார். ஜாரு என்பது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப்போவது. (இதே கிரெய்ஸ்லர் தன் துக்கடாக்கள் பலவற்றைப் பழைய மேதைகள் எழுதியவை என்று சொல்லியே வாசித்துவந்து, 1935-ல்தான் உண்மையைச் சொன்னார். விமர்சகர்கள் சிலருக்குக் கடுங்கோபம்!)

காதைப் பழக்க, ஸ்பெயின் வயலின் மேதை சரசாட்டே தானே இயற்றி 1904-ல் பாரிசில் பதிந்த ‘சிகாய்னர்வைசன்’ஐ இணையத்தில் கேட்டேன். அப்போது அவருக்கு 60 வயது. நேரம் போதாமல் மெதுவான ஒரு பகுதியை விட்டுவிட்டார், நடுவில் அவர் பேசுகிற குரலும் கேட்கிறது. வயலின் நுழைவதே அடி ஜி தந்தியில். அதற்குக் கீழே அந்த வாத்தியத்தில் ஸ்வரமே கிடையாது என்பதால் வேகம் சரியா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

இரைச்சலை முழுக்க நீக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மென்பொருளுக்கு வில் தந்தியைக் கடிக்கும் சத்தமும் இரைச்சல்தான். ஹைஃபெட்ஸின் ‘ஹோரா ஸ்டக்காடோ’ மைக் வைத்துப் பதிந்தது, ஒரே வில்லில் கொத்தாக ஸ்வரங்கள் உதிரும். நீக்கியைக் கொஞ்சம் கூட்டினாலும் அந்தப் புள்ளிகளின் முனை மழுங்கிப்போகிறது. லேசான ‘ஸ்ஸ்’ இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது மேஜையில் இருப்பது எல்மன். தட்டில் விளிம்பிலிருந்து உள்ளே ஒரு விரிசல். ஒரு சுற்றுக்கு ஒரு ‘டிக்’ என்றால் 3 நிமிடத்துக்கு 230-ஐத் தாண்டும். தானாக நீக்க விட்டால் வில் திரும்பும் இடங்களையும் தின்றுவிடுகிறது, அதனால் அலையைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகக் கையால் அழித்து வருகிறேன். முதல் ஒரு நிமிடம் முடிந்திருக்கிறது.