மோப்ப நாய் பொய் சொல்லும் இடம்

'நாய்க்கு இருக்கிற நன்றிகூட இவர்களுக்கு இல்லை' என்று அரசியல் மேடைகளில் ஒரு வசனம் அடிக்கடி வரும். காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் ஹேண்ட்லராக, அதாவது நாயைப் பழக்கிக் கூட்டிச்செல்பவனாக, இருந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றி வேறு, நேர்மை வேறு. எங்கள் வேலையில் நன்றி மிகுந்த நாயிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு பெரிய தலைவர்கள் ஏறும் மேடையை நாய் வைத்துச் சோதிப்பது வழக்கமாகிவிட்டது. வெடிபொருள் நாய் குரைக்காது, பிறாண்டாது. வாசனை பிடித்தால் அந்த இடத்திலேயே உட்காரும். கூலி ஒரு பந்து. யார் கார், யார் நாற்காலி என்று அதற்குத் தெரியாது.

ஆனால் நாய் பெட்டியை முகரும்போதே நம்மையும் கவனிக்கிறது. ஒரு பெட்டியருகே நான் ஒரு கணம் கூடுதலாக நின்றாலோ, கயிற்றைத் தளர்த்தினாலோ போதும், 'இங்கேதான் எதிர்பார்க்கிறார்' என்று உட்கார்ந்துவிடும். 2011இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 18 ஹேண்ட்லர்களை அவரவர் நாயோடு ஒரு தேவாலயத்தில் தேடவிட்டார்கள். உள்ளே எதுவுமே ஒளிக்கப்படவில்லை. சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் பொருள் இருக்கும் என்று மட்டும் ஹேண்ட்லர்களிடம் சொல்லிவைத்திருந்தார்கள். 144 தேடல்களில் தவறான அறிகுறி இல்லாமல் முடிந்தவை 21தான். அதற்காகவே, ஒழுங்கான பயிற்சியில் வெடிபொருள் மாதிரியை வேறொருவர் ஒளித்துவைப்பார். எங்கே என்று ஹேண்ட்லருக்குச் சொல்ல மாட்டார்.

தலைவர்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஏற்பாடுதான் நினைவுக்கு வரும். கீழே இருப்பவர்கள் எல்லோரும் அயோக்கியர்கள் அல்ல. மேலே இருப்பவரின் முகத்தில் விடை முன்கூட்டியே எழுதியிருக்கிறது, அவர்கள் அதைப் படித்துச் சொல்கிறார்கள். 1977 தேர்தலுக்கு முன் இந்திரா காந்திக்கு வெற்றி உறுதி என்றே கணிப்புகள் போயின என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 1975 ஜூனிலிருந்து பத்திரிகைகளுக்குத் தணிக்கை. வேறு எந்தக் குரல் அவர் காதுக்கு எட்டியிருக்கும்? ரேபரேலியிலேயே தோற்றார்.

விருப்பம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஒரு மாவட்டத்தில் மாலைப் பொதுக்கூட்டம். மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய அட்டைப்பெட்டிகள் அருகே என் நாய் ஜூலி உட்கார்ந்துவிட்டது. லாப்ரடார், வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தது. (மூச்சிரைக்கும் நாயால் சரியாக முகர முடியாது. அதனால் நடுநடுவே நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். அந்த நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.) ஒன்றியச் செயலாளர் ஓடிவந்தார்.

"சரவெடிதான் சார். தலைவர் இறங்கினதும் கொளுத்தறதுக்கு. பெருசு பண்ணாதீங்க."

தலைவர் பைபாஸ் தாண்டிவிட்டார் என்று வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் 'ஒன்றுமில்லை' என்ற பதில்தான் வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பெட்டிகளை வெளியே எடுக்கச் சொன்னார். ஆள்களைப் பின்வாங்கச் செய்து மேடையை மறுபடி முதலிலிருந்து சோதித்தோம். தலைவரின் உதவியாளர் போன் செய்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தோம். "அவசரப்படாம முடிக்கச் சொன்னார், வண்டியிலயே இருக்கார்" என்றார்.

அவருடைய மற்ற கொள்கைகளில் எனக்குப் பெரிய மதிப்பில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவருடைய கூட்டங்களில் எந்தக் கட்சிக்காரரும் 'சீக்கிரம் சார்' என்று எங்களை விரட்டவில்லை. அவர் சுற்றறிக்கை எதுவும் விடவில்லை. காரில் உட்கார்ந்திருந்தது மட்டுமே செய்தியாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

மற்ற இடங்களில் கதை வேறு. பெரியவர்கள் வரும் சாலையின் இருபுறமும் பிளீச்சிங் பவுடரைக் கோடு போட்டதுபோலக் கொட்டிவிடுவார்கள், ஊர் சுத்தமாக இருப்பதாகக் காட்ட. அந்த நெடி நாயின் மூக்கைக் கெடுக்கும். சோதனை முடிந்த பிறகு போடுங்கள் என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டுப்பார்த்திருக்கிறோம். "அய்யா வர்றதுக்குள்ள வெள்ளையாத் தெரியணும் சார்" என்பதுதான் பதில்.