பீடி முறமும் இடுப்புப் பள்ளமும்

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் ‘இடுப்பு விட்டுப்போகுது’ என்றால், உடனே வரும் பதில் ‘நிமிர்ந்து உட்காரும்மா’. நிமிர்வது என்றால் முதுகைக் கம்பி மாதிரி ஆக்குவது இல்லை. முதுகெலும்பைப் பக்கவாட்டில் பார்த்தால் கழுத்தும் இடுப்பும் முன்பக்கமாகவும், மார்புப் பகுதியும் அடியில் இருக்கும் சேக்ரம் என்ற எலும்பும் பின்பக்கமாகவும் வளைந்திருக்கும். பிறந்த குழந்தைக்கு முதுகு ஏறக்குறைய ஒரே வில்தான். தலை நிற்கும்போது கழுத்து வளைவு தெளிவாகும். உட்கார்ந்து, நடக்கப் பழகும்போது இடுப்புப் பள்ளம் விழும்.

அந்தப் பள்ளத்தைத்தான் பீடி முறம் பறிக்கிறது. சம்மணம் போட்டு, மடியில் முறத்தை வைத்துக் குனிந்தால் இடுப்புக்கூடு பின்னால் சாயும், பள்ளம் நிரவிப்போகும். முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு, அதாவது டிஸ்க், முன்பக்கம் நசுங்கும். உள்ளே இருக்கும் கூழ் பின்னால் தள்ளப்படும். பின்புறம் நடுவில் ஒரு தசைநார் காவல் இருக்கிறது. இடுப்புக்கு வரும்போது அது குறுகிவிடுவதால், ஜவ்வு பெரும்பாலும் ஓரமாகப் பிதுங்கி நரம்பைத் தொடும்.

எந்த இடம் என்று கையாலேயே பார்க்கலாம். இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்னால் நேராகக் கொண்டுவாருங்கள். அவை சந்திக்கும் மட்டத்தில் நான்காவது இடுப்பு முள்ளெலும்பு இருக்கும். அதற்குக் கீழே உள்ள இரண்டு ஜவ்வுகள்தான் அதிகம் பிதுங்குபவை. மேலே உள்ளதில் பிதுங்கினால் கால் பெருவிரலைத் தூக்கும் பலம் குறையலாம். கீழே உள்ளதில் என்றால் நுனிக்காலில் நிற்பது சிரமமாகும்.

சரிசெய்ய நாற்காலி வாங்க வேண்டியதில்லை. பழைய போர்வையை நான்கு விரல் உயரத்துக்கு மடித்து, உட்காரும் எலும்புக்கு அடியில் மட்டும் வையுங்கள், தொடைக்கு அடியில் வேண்டாம். முழங்கால் இடுப்பை விடத் தாழ்ந்தால் இடுப்புக்கூடு தானாக முன்னால் சாயும், பள்ளம் திரும்பி வரும். மெத்தென்ற தலையணை வைத்தால் உள்ளே அமுங்கிப் பயனில்லாமல் போகும். முறத்துக்கு அடியிலும் ஒரு சிறு பலகை கொடுத்துக் கைக்கு உயர்த்துங்கள். இல்லையென்றால் ஐந்து கிலோ கனமுள்ள தலையைப் பிடரித் தசைகள் நாள் முழுக்க இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் அசையாமல் இருந்தால் வலி வரும். பெரியவர்களின் ஜவ்வுக்கு உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. அழுத்தம் ஏறி இறங்கும்போதுதான் அதற்கு ஊட்டம் ஊறி உள்ளே போகிறது. ஆகவே 50 பீடிக்கு ஒரு முறை எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, வலி இல்லாத அளவு ஐந்து முறை பின்னால் வளையுங்கள். ஆயிரம் பீடிக் கணக்கு கொஞ்சம் பின்தங்கும், தெரியும். அப்படியும் எழுந்திருங்கள்.

வலியோடு சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.