கறுப்புக் கதவும் கைரேகையும்

சமையலறை அலமாரிக்கு நிறம் பார்க்க அரை மணி நேரம் போதும் என்றுதான் மனைவி என்னைக் கடைக்கு அழைத்துப் போனாள். நான்கு மணி நேரம் கழித்து ஒரு பை நிறைய மாதிரித் துண்டுகளோடு வீடு திரும்பினோம். அதில் வெள்ளை மட்டுமே ஒன்பது. "எல்லாம் வெள்ளைதானே?" என்று கேட்டதற்குக் கடைக்காரர் என்னைப் பார்க்கவேயில்லை, பரிதாபமாக அவளைப் பார்த்தார்.

நிறத்தில் தோற்றவன் பலகையில் ஜெயிக்க வேண்டுமே. பிளைவுட், மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப், மரச் சிம்புகளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டு மூன்றிலும் ஒவ்வொரு துண்டு எடுத்துக் குளியலறை வாளியில் ஊறப்போட்டேன். மறுநாள் காலை பார்ட்டிகிள் போர்டு டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி உப்பிக் கிடந்தது. எம்.டி.எஃப் ஓரமெல்லாம் வீங்கியிருந்தது. பிளைவுட் மட்டும் ஒன்றும் நடக்காதது போல மிதந்தது.

"குளிக்கிற வாளியில என்னங்க ஊறுது?"

"ஆராய்ச்சி."

தச்சர் வந்து பார்த்துச் சிரித்தார். "நாலு ஓரத்தையும் திறந்து போட்டு ஊறவச்சா என்ன சார் பண்ணும்? தண்ணி ஓரம் வழியாத்தான் உள்ள போகும். ஓரத்தை மூடுற பட்டை, அதான் எட்ஜ் பேண்டு, அதை இடுக்கில்லாம ஒட்டினா பாதிப் பிரச்சினை தீர்ந்துது." சிங்க்குக்குக் கீழே வரும் பெட்டிக்குத் தண்ணீர் தாங்கும் பிளைவுட் போதும், பெயின்ட் அடிக்கிற கதவென்றால் எம்.டி.எஃப்தான் வழவழவென்று வரும், பி.வி.சி ஃபாயில் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டிய கதவை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டில் உரிந்துவிடும் என்று வரிசையாகச் சொன்னார். என் வாளி சொல்லாததையெல்லாம் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அடுத்து மேல்பூச்சு. மனைவி மேட் லேமினேட், அதாவது பளபளக்காத ஒட்டுத்தகடு, கேட்டாள். கீறல் அவ்வளவாகத் தெரியாது, துடைப்பதும் சுலபம். நான் பளபளக்கும் கறுப்பு அக்ரிலிக்தான் வேண்டும் என்று அடம்பிடித்தேன். கடையில் அது கண்ணாடி மாதிரி மின்னியது. கடைக் கதவை யாரும் கழுவாத கையோடு தொடுவதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. போதாததற்கு, "கைப்பிடியே வேண்டாம், அழுத்தினால் திறக்கிற மாதிரி வையுங்கள்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அதாவது, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் பளபளப்பின் மேலேயே கை வைத்தாக வேண்டும்.

முதல் வாரத்திலேயே கதவுகள் காவல் நிலையப் பதிவேடு போல ஆகிவிட்டன. ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் மெல்லத் துடைக்க வேண்டும். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும், அதுவும் வெளிச்சத்தில் சிலந்தி வலை மாதிரி தெரியும். துடைக்கிற வேலை யாருக்கு வந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பிஸ்கட் டப்பா இருக்கும் அலமாரிக்கு நான் ரகசியமாகப் போய்வருவது இத்தனை வருடம் யாருக்கும் தெரியாது. இப்போது காலையில் அந்தக் கதவில் மட்டும் அகலமாக ஒரு கட்டைவிரல். மகள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்க கையைக் காட்டுங்க" என்கிறாள்.

சரி என்று முழங்கையால் அழுத்தித் திறக்கப் பழகிக்கொண்டேன். நாலு நாள் நிம்மதியாகப் போனது.

நேற்றுக் காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது: "அம்மா, இது யாரோட முழங்கைம்மா?"