கடைசி இலக்கம் 8: ஒரு கோல்ட் ஸ்ராரின் பூர்வீகம்

என்னுடைய பழைய பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்ரார் மோட்டார் சைக்கிளின் பிரேமில் அடித்திருக்கிற, தேய்ந்துபோன கடைசி இலக்கம் 8 தான். 3 இல்லை. இங்கிலாந்தில் இருந்து பதிலும் வந்துவிட்டது. அந்த பிரேமும் என்னிடம் இருக்கிற எஞ்சினும் பதிவேட்டில் ஒரே வரியில் இருக்கின்றன. 1957இல் பேர்மிங்காம் ஸ்மோல் ஹீத் தொழிற்சாலையில் இருந்து ஒன்றாக வெளிக்கிட்டவை. போன இடம் சிலோன். டிபிடி34 என்ற குறியுள்ள எஞ்சினும் சிபி32 என்ற குறியுள்ள பிரேமும் பிறந்த சோடியாகவே சுன்னாகத்தில் ஒரு கொட்டகை மாலுக்குள் இத்தனை காலம் கிடந்திருக்கின்றன. செய்தி வந்த நாளில் இருந்து காண்கிற எல்லோரிடமும் இதைத்தான் கதைத்துக்கொண்டு திரிகிறேன்.

கோல்ட் ஸ்ரார் வைத்திருக்கிற ஆட்களுக்கு இதன் அருமை விளங்கும். அந்தக் காலத்து பி.எஸ்.ஏ.யில் எஞ்சின் இலக்கமும் பிரேம் இலக்கமும் ஒன்றாக இராது. ஆகவே வண்டியைப் பார்த்து மட்டும் "இது இதோட வந்தது" என்று யாராலும் சொல்ல ஏலாது. பி.எஸ்.ஏ.யின் சாதாரண பி31 வண்டியின் பிரேமில் கோல்ட் ஸ்ரார் எஞ்சினை ஏற்றி விற்ற வண்டிகள் உலகம் முழுக்க ஓடுகின்றன. என்னுடையதில் வலது பக்க அடிக்குழாய் எண்ணெய்ப் பம்புக்கு வழிவிட்டு வளைந்திருக்கிறது, அதனால் பிரேமின் இனம் பற்றி முதல் நாளே சந்தேகம் இல்லை. ஆனால் இந்த பிரேம் இந்த எஞ்சினோடு வந்ததா என்பதை தொழிற்சாலைப் பதிவேடு ஒன்றுதான் சொல்லும். அது பிரித்தானிய வின்ரேஜ் மோட்டார் சைக்கிள் கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. காசு கட்டி, இலக்கத்தின் படத்தையும் அனுப்பினால் பார்த்து எழுதித் தருவார்கள். 3 ஆகவும் இருக்கலாம் 8 ஆகவும் இருக்கலாம் என்று எழுதிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. எது பொருந்துகிறதோ அதையே நம்பிவிடுவோம் என்ற பயம்.

இலக்கம் ஏன் இந்த நிலைக்கு வந்தது என்றால், யாரோ பெயின்ற் அடிக்க முதல் கிரைண்டர் பிடித்திருக்கிறார்கள். முன்பகுதி இலக்கங்கள் கையால் தடவினாலே தெரிகின்றன. கடைசி இலக்கத்தின் வலது பக்க வளைவுகள் இரண்டும் இருக்கின்றன, இடது பக்கம் மட்டமாகப் போய்விட்டது. அதுக்குள் உப்புக்காற்றின் துரு வேறு.

முதலில் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தேன். பெயின்ற் கழற்றுகிற பசையைப் பூசி, பித்தளை பிரஷால் மெதுவாக எடுத்தேன். இரும்புக் கம்பி பிரஷ் இந்த இடத்துக்குக் கிட்டவும் வரக்கூடாது. பிறகு இரவில் லைற்றை அணைத்துவிட்டு ரோர்ச்சை உலோகத்தோடு ஒட்டினமாதிரிச் சரித்துப் பிடித்து, ஒவ்வொரு பக்கமாக நகர்த்தி நகர்த்திப் படம் எடுத்தேன். மெல்லிய தாளை வைத்துப் பென்சில் கரியால் தேய்த்தும் பார்த்தேன். கஸ்தூரியார் வீதியில் நகை வேலை செய்கிற ஒரு பத்தர் தன்னுடைய கண்ணாடியைக் கண்ணில் மாட்டி வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, எட்டுப் போலதான் கிடக்கு. ஆனா சத்தியம் பண்ணமாட்டன்" என்றார். அவர் சொன்னதில் எனக்கு மரியாதை கூடியது.

அதுக்குப் பிறகுதான் அமிலம். பொலிஸ் தடயவியலில் பாவிக்கிற வேலை இது. இலக்கத்தை அச்சால் அடிக்கும்போது மேல்பரப்பு மட்டும் பள்ளமாவதில்லை, அடியில் இருக்கிற உலோகத்தின் மணிகளும் நசிந்து உருக்குலைகின்றன. பள்ளத்தை அராவி எடுத்தாலும் நசிந்த பகுதி கீழே இருக்கும். அமிலம் நசிந்த இடத்தையும் நசியாத இடத்தையும் ஒரே வேகத்தில் அரிக்காது. அந்த வித்தியாசத்தில் இலக்கம் நிழலாக எழும்பும். இரும்புக்கும் உருக்குக்கும் பாவிக்கிற கரைசலுக்கு பிரை கரைசல் என்று பெயர்: செப்புக் குளோரைட்டு 90 கிராம், செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலம் 120 மில்லிலீற்றர், தண்ணீர் 100 மில்லிலீற்றர். எனக்கு இதைக் கலந்து தந்தவர் இரசாயனவியல் படிப்பிக்கிற ஒரு மாஸ்ரர். தெரியாத ஆட்கள் வீட்டில் தாங்களாகக் கலக்க வேண்டாம். அலுமினிய கிராங்க்கேசுக்கு இந்தக் கரைசல் சரிவராது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

கரைசலைவிட அதுக்கு முந்தின வேலைதான் பெரிது. பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கவேண்டும். ஈர அரத்தாள் 400இல் தொடங்கி 1200 வரைக்கும், ஒவ்வொரு தாளையும் ஒரே திசையில் தேய்த்து, அடுத்த தாளுக்குத் திசையை மாற்றி, முந்தின கீறல் முழுக்கப் போனபிறகுதான் அடுத்த தாள். அவசரப்பட்டால் கீறலும் இலக்கமும் கலந்து ஒன்றும் விளங்காது. அதே நேரம் அளவுக்கு மிஞ்சித் தேய்த்தால் அடியில் இருக்கிற நசிந்த படையும் போய்விடும், பிறகு கடவுளாலும் வாசிக்க ஏலாது. தேய்த்தபின் அசற்றோனால் துடைத்து, அதுக்குப் பிறகு விரல் படவே கூடாது.

கரைசலைப் பஞ்சில் தொட்டு ஒரே இடத்தில் மெதுவாகத் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் வெயிலுக்கு அது உடனே காய்ந்துவிடுகிறது. காய விட்டால் செம்பு படிந்து பரப்பு சிவந்துவிடும், திரும்ப 1200 தாளில் இருந்து தொடங்கவேண்டும். அதனால் விடியப்புறத்தில் வெளியில் வைத்துச் செய்தேன். கையுறை, கண்ணாடி கட்டாயம். குரோம் சாமான் ஒன்றும் கிட்ட இருக்கக்கூடாது, ஆவி பட்டாலே துருப்பிடிக்கும். இலக்கம் எழும்பும், பிறகு மங்கும், திரும்ப வேறு பக்கம் எழும்பும். முழு இலக்கமும் ஒரே நேரத்தில் தெரியும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். கமராவை ஸ்ராண்டில் பூட்டி, விடாமல் படம் எடுத்து, கடைசியில் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டும்.

அப்படிப் பார்த்ததில் இடது பக்கம் மேல் வளைவு மங்கலாகத் தெரிந்தது. ஆனால் துருக்குழி ஒன்று அந்த இடத்திலேயே இருந்ததால் என் மனம் ஆறவில்லை. அப்போதுதான் முன்னுக்கு இருக்கிற சிபி32 கண்ணில் பட்டது. அதில் ஒரு 3 இருக்கிறதே! அந்த 3ஐ அச்செடுத்துக் கடைசி இலக்கத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். 3இன் நடு முனை இடது பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசி இலக்கத்தில் அந்த முனையே இல்லை, நடுவில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகின்றன. வலது வளைவுகளின் அகலமும் வேறு. அதோடு முடிந்தது. சோடா மாவுக் கரைசலால் கழுவி, எண்ணெய் பூசி மூடிவிட்டுப் படங்களை அனுப்பினேன்.

இலக்கத் தகட்டின் கதை இதுக்குக் குறைந்ததில்லை. பின் மட்காட்டோடு வந்த பழைய தகரம் அது. மேலே வெறும் கறுப்புப் பெயின்ற். ஓரத்தில் உரிந்த இடத்தில் வெள்ளை தெரிந்ததால் 1000 தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு நீள்வட்டமாக, படை படையாக இறக்கினேன். கறுப்புக்குக் கீழே சிங்கள ஸ்ரீ. அதுக்குக் கீழே தமிழ் ஸ்ரீ. அதுக்கும் கீழே, தகரத்தோடு ஒட்டி, திரும்பவும் சிங்கள ஸ்ரீ. புது வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கட்டாயமாக்கியதும், 1958இல் எங்கள் பக்கம் அந்த எழுத்துக்குத் தார் பூசித் தமிழில் எழுதினதும் எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். இது அந்தப் போராட்டத்துக்குள்ளால் ஓடின வண்டி. 1957இல் கப்பல் ஏறினது என்ற பதிவேட்டுச் செய்தியோடு இது அப்படியே பொருந்துகிறது. இந்தத் தகட்டை நான் திரும்பப் பெயின்ற் அடிக்கப்போவதில்லை. மூன்று படையும் தெரிகிற மாதிரியே லாக்கர் பூசி வைக்கப்போகிறேன். புதுத் தகடு செய்து வண்டியில் பூட்டலாம்.

எஞ்சினைத் திறந்தபோது இன்னொன்று. சிலிண்டருக்கும் கிராங்க்கேசுக்கும் நடுவில் 5 மில்லிமீற்றர் அலுமினியத் தகடு, கையால் அராவிச் செய்தது. தள்ளுகோல் இரண்டின் நுனியிலும் அதே அளவுக்கு உயர்த்தின உருக்குக் கிண்ணங்கள். ரொக்கர் ஸ்பிண்டிலை எவ்வளவு திருப்பினாலும் 5 மில்லிமீற்றரைச் சரிக்கட்ட ஏலாது, ஆகவே செய்தவர் வேலை தெரிந்த ஆள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிலிண்டர் விட்டம் 85 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஓட்டம் 88, ஆக 499 சிசி. அமுக்க விகிதம் 8:1 என்றால் எரியறை சுமார் 71 சிசி. 5 மில்லிமீற்றர் உயர்த்தினால் இன்னும் 28 சிசி கூடி, அமுக்கம் 6:1க்கு வருகிறது. அமுக்கத்தைக் குறைத்தது மண்ணெண்ணெயில் ஓட்டத்தான்! 1990க்குப் பிறகு பெற்றோல் வராத காலத்தில், நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின அந்தக் கைவேலையை ஒரு பந்தய எஞ்சினிலும் செய்திருக்கிறார்கள். பந்தய எஞ்சினுக்குரிய ஜிபி காபரேற்றர் இல்லை. அந்த இடத்தில் சின்னக் காபரேற்றர் பூட்ட வெட்டின ஒரு இடைத்தகடு இருக்கிறது. இதெல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். "ஒறிஜினல் இல்லாததை எறி" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்மோல் ஹீத்தில் செய்தது எவ்வளவு இந்த வண்டியின் வரலாறோ, சுன்னாகத்தில் செய்ததும் அவ்வளவுதான்.

வண்டி கிடந்த வீட்டுக்காரர் 1995 இடப்பெயர்வில் வண்டியை விட்டுவிட்டுத் தென்மராட்சிக்குப் போனவர்கள். திரும்பி வரும்போது ராங்கியும் சில்லுகளும் இல்லை. அதனால் முன் பிரேக் 8 அங்குலமா, 190 மில்லிமீற்றரா என்று சொல்ல ஆதாரம் இருக்கவில்லை. ரொறன்ரோவில் இருக்கிற அவர்களின் பெறாமகள் ஒருத்தி வைபரில் அனுப்பின படம் அதைத் தீர்த்துவிட்டது: இரண்டு பக்கமும் அகன்ற 190. படத்தில் பெரியப்பா தோல் தொப்பியோடு குந்தியிருக்கிறார். முன்னால் இலக்கப் பலகை, கீழே கொங்கிறீற் ஓடுபாதை, பின்னால் தென்னை. கட்டுக்குருந்த என்றுதான் நினைக்கிறேன். யுத்தகாலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளம், பிறகு பந்தயத் திடல். "பெரியப்பா மலையிலயும் ஓடினவர்" என்று அவ எழுதியிருக்கிறா. மலை என்றால் நுவரெலியா மகாகஸ்தோட்டையாக இருக்கவேண்டும். 1934இல் இருந்து அங்கே மலையேற்றப் போட்டி நடந்திருக்கிறது.

உலோகமும் பந்தயத்தைத்தான் சொல்கிறது. எண்ணெய் வடிக்கிற புரியாணியில், ஓட்டத்தில் கழராமல் கம்பி கட்டத் துளை போட்டிருக்கிறது. கியர்பொக்சின் மேல் பந்தயப் பெட்டிக்குரிய ஆர்ஆர்ரி2 என்ற குறி அடித்திருந்தாலும் மூடியை மாற்றியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, முதல் கியரைப் போட்டு எண்ணினேன். மெயின் ஷாப்ற் 7 சுற்று, ஸ்புறொக்கெற் 4 சுற்று. 1.75. அசல் ஆர்ஆர்ரி2. முதல் கியரிலேயே மணிக்கு 60 மைல் போகிற பெட்டி. இதை வைத்துக்கொண்டு மருதனார்மடச் சந்திச் சனத்துக்குள்ளால் அந்த மனுசன் எப்படிக் கிளச் பிடித்தாரோ!

சாமான் விசயம். பழைய பிரித்தானிய அளவான விற்வேர்த் ஸ்பானர் தேடுகிறவர்கள் புதுக்கடைகளில் அலையவேண்டாம். பழைய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார் திருத்தின கராஜ் ஐயாமாரிடம் கேளுங்கள், பெட்டியோடு கிடக்கும். அங்குலத்துக்கு 26 புரி வெட்டுகிற சைக்கிள் திரெட் டை எனக்கு அப்படித்தான் கிடைத்தது. கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் பிஸ்ரன் வளையம் என்று வாங்கினது அளவு பிழை, கடைக்காரர் திருப்பி எடுக்கவும் இல்லை. வளையமும் பெயரிங்கும் இனி இங்கிலாந்தில் இருந்துதான். ஜிபி காபரேற்றர் விலையைக் கேட்டால் நித்திரை வராது, அதை அடுத்த வருசத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கிராங்க் இன்னும் பிரிக்கவில்லை, அதுக்குள் எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற மக்னீற்றோவில் கை வைத்துவிட்டேன். அதைச் செய்த லூக்கஸ் காரர் உடம்பில் மாதமும் வருசமும் அடிப்பார்கள். அழுக்கை எடுத்து அதை வாசிக்கவேண்டும். சுருள் செத்துப்போயிருக்கிறது, நல்லாச் சுற்றித் தருகிற ஆள் வேண்டும்.

இனிப் பந்தயப் பெயர்ப்பட்டியல்தான் பாக்கி. யாழ்ப்பாண நூலகத்தோடும் ஈழநாடு பத்திரிகைக் கந்தோரோடும் 1981இல் எரிந்ததில் இங்கே தேடுவதற்கு அதிகம் இல்லை. அடுத்த மாதம் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் 1958இல் இருந்து பத்திரிகைகளைப் புரட்டப்போகிறேன். வீட்டில் யாரிடமாவது கட்டுக்குருந்த அல்லது மகாகஸ்தோட்டை பந்தய நிகழ்ச்சிநிரல் புத்தகம், 1958க்கும் 1965க்கும் இடையில் உள்ளது, இருந்தால் 500 சிசி பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். என்னிடம் உள்ள படத்தில் பலகையின் இலக்கம் 27.