தெருக்கோடி ஸ்கூல்ல பாப்பாவ சேர்க்கலாமா?

பாப்பாவுக்கு அஞ்சு வயசு முடிஞ்சாச்சு, ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் போகணும். எங்களுக்கு துறையூர் பக்கம் ஒரு சின்ன கிராமம். இருக்கிறது ரெண்டே வழி. ஒண்ணு, காலைல ஏழேகாலுக்கெல்லாம் மெயின் ரோட்ல வந்து ஹாரன் அடிக்கிற பிரைவேட் ஸ்கூல் வேன். இன்னொண்ணு தெருக்கோடில இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மொத்தமே 23 புள்ளைங்க, ஹெச்எம்மோட சேர்த்து ரெண்டு டீச்சர். நாங்க தெருக்கோடி ஸ்கூல் பத்தி யோசிக்கிறோம்னு வாய தொறந்ததுதான் தாமதம், சொந்தக்காரங்க எல்லாருக்கும் கல்வி மேல திடீர்னு அக்கறை வந்துருச்சு.

எல்லாரும் மொதல்ல கேக்கிறது "அஞ்சு கிளாஸுக்கு ரெண்டே டீச்சரா, எப்படி நடத்துவாங்க?"ன்னுதான். நியாயமான கேள்வி. ஆனா இது ஏதோ எங்க ஊருக்கு மட்டும் போஸ்டிங் போடாம விட்டதுன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே 60 புள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர்னுதான் இருக்கு, மூணாவது ஆள் 61 ஆனாதான். எங்க ஊர்ல 61 எல்லாம் இந்த ஜென்மத்துல வராது. அதனால நான் பார்க்க வேண்டியது எத்தனை டீச்சர்ங்கறது இல்ல, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் வராத அன்னிக்கு ஸ்கூல் எப்படி ஓடுதுங்கறதுதான். ஏன்னா அந்த மாதிரி நாள் நிறைய வரும். ட்ரெயினிங்னு கூப்பிடுவாங்க, வட்டாரக் கல்வி அலுவலர் (பிஇஓ) ஆபீஸ்ல மீட்டிங் இருக்கும், எலக்‌ஷன் வேலை வரும், அவங்களுக்கும் காய்ச்சல் தலைவலி இருக்கும்ல.

அதனால ஹெச்எம் மீட்டிங் போன ஒரு நாளா பார்த்து போனேன். டீச்சர் ஒரே ஆளு, மொத்த ஸ்கூலும் ஒரே ரூம்ல. நான் போனப்ப அவங்க போன கையில வச்சுகிட்டு எமிஸ்ல, அதாவது கல்வித் துறையோட ஆன்லைன் பதிவுல, அட்டெண்டன்ஸ் ஏத்திட்டு இருந்தாங்க, நெட் சுத்திகிட்டே இருக்கு, அது முடியற வரைக்கும் பாடம் இல்ல. சரி இதான் லட்சணம்னு நினைச்சேன். அப்புறம் போன பைக்குள்ள போட்டுட்டு, அஞ்சாங்கிளாஸ் பொண்ணு ஒருத்திய கூப்பிட்டு ரெண்டாங்கிளாஸுக்கு டிக்டேஷன் போடச் சொன்னாங்க, மூணு நாலு கிளாஸுக்கு போர்டுல கணக்கு எழுதிட்டு, இவங்க ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களோட தரையில உட்கார்ந்து புளியங்கொட்டைய வச்சு கூட்டல் சொல்லித் தந்தாங்க. ஒரு பையன் ஏழும் மூணும் ஒம்பதுன்னான், திட்டல, "திரும்ப எண்ணு சாமி"ன்னாங்க, அவன் எண்ணி முடிக்கிற வரைக்கும் பக்கத்துல இருந்தவனையும் பதில் சொல்ல விடல. எனக்கு அது ரொம்ப பிடிச்சுது. டிக்டேஷன் போட்ட பொண்ணு மட்டும் நம்ம டீச்சர விட மூணு மடங்கு கண்டிப்பு.

ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் ஒண்ணா உட்கார வைக்கிறத பார்த்து சிலர் பயப்படுறாங்க. அது எண்ணும் எழுத்தும் திட்டம், 2022 ஜூன்ல ஆரம்பிச்சது, கொரோனால விட்டுப்போன படிப்ப பிடிக்கறதுக்காக. அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு, புள்ளைக்கு எது தெரியுதோ அந்த நிலையில வச்சு சொல்லித் தருவாங்க, அதனால மூணாங்கிளாஸ் பையனும் அரும்புல இருக்கலாம். யோசனை நல்ல யோசனைதான். ஆனா யாரு எதுல இருக்காங்கன்னு புள்ளைங்களுக்கே அத்துப்படி, "அவன் இன்னும் அரும்பு அத்தை"ன்னு ஒரு வாண்டு என்கிட்ட போட்டுக் குடுத்துச்சு.

வாசிப்ப சோதிக்கணும்னா பாடப் புஸ்தகத்த குடுக்காதீங்க. அது பாதி மனப்பாடம், பக்கத்த பார்க்காமயே சொல்லிடும். சுவத்துல காலைச் சிற்றுண்டி மெனு எழுதியிருக்கு, அத வாசிக்கச் சொன்னா ஒரு பையன் கிச்சடி, பொங்கல்னு கடகடன்னு சொல்றான், அவன் வாசிச்சானா வாசனையிலயே சொன்னானான்னு யாருக்குத் தெரியும். என் கைப்பைல ஒரு கல்யாண பத்திரிகை கிடந்துச்சு, அத எடுத்து நீட்டினேன். நாலாங்கிளாஸ் பொண்ணு "நிகழும் மங்களகரமான"ல ஒரு தடவ தடுக்கி, திரும்ப எழுத்துக் கூட்டி, "சுபயோக சுபதினத்தில்" வரைக்கும் வந்துட்டா. வந்துட்டு "இவங்க எந்த ஊரு, பஸ் விடுவாங்களா?"ன்னா. அவ கூட இருந்த பையனுக்கு பேரு ஊரு தவிர எதுவும் வரல. அஞ்சாறு பேர்கிட்ட குடுத்துப் பார்த்ததுல பாதிக்கு மேல தேறுச்சு. வேன்ல போற என் நாத்தனார் பையனும் நாலாங்கிளாஸ்தான், அவன்கிட்டயும் அதே பத்திரிகைய குடுத்தேன், என்ன ஆச்சுன்னு சொன்னா வீட்ல சண்டை வரும்.

நோட்டையும் புரட்டிப் பாருங்க. சிவப்பு மைல டிக் இருக்கான்னு இல்ல, தப்புக்கு டிக் விழுந்திருக்கான்னு பாருங்க. ஒரு நோட்டுல 42ல 17 போனா 35ன்னு இருந்துச்சு, அதுக்கு ஒரு அழகான டிக். அது யாரு நோட்டுன்னு சொல்ல மாட்டேன், டீச்சர்கிட்ட காமிச்சேன், அவங்க ஒரு மாதிரி சிரிச்சுட்டு திருத்தினாங்க. மத்த நோட்டுல தப்ப வட்டம் போட்டு, கீழ புள்ளை திரும்ப எழுதியிருந்துச்சு.

சாப்பாடு பத்தி கவலையே இல்ல. காலைச் சிற்றுண்டி 2023 ஆகஸ்ட் 25லேர்ந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு, மதியம் சத்துணவு முட்டையோட. எங்க ஊர்ல மகளிர் குழு அக்காதான் சமைக்கிறாங்க, ருசி பார்த்தேன், சாம்பார் கொஞ்சம் தண்ணி, மத்தபடி குறை சொல்ல முடியாது. மாமியார்தான் "நம்ம வீட்ல சோத்துக்கு பஞ்சமா"ன்னு ஆரம்பிச்சாங்க. அவங்க பஞ்சத்த பத்தி பேசலன்னு எனக்கும் தெரியும் அவங்களுக்கும் தெரியும். "அங்க யாரு புள்ளைங்க படிக்குதுன்னு தெரியும்ல"ன்னு சித்தப்பா பளிச்சுனு கேட்டே விட்டார். வேனுக்கு காசு கட்ற பாதி வீட்டுக்கு இங்கிலீஷ் மீடியம் ஒரு சாக்கு, எந்தத் தெரு புள்ளையோட தட்டு பக்கத்துல தட்டு வைக்கணும்ங்கறதுதான் விஷயம். இத யாரும் வெளிய சொல்றதில்ல, நான் சொல்றேன். என் வரைக்கும் அந்த ஸ்கூல்ல சேர்க்க அது ஒரு காரணம், சேர்க்காம இருக்க இல்ல.

இங்கிலீஷ் உண்மையிலேயே வீக். இங்கிலீஷ் மீடியம்னு பேருக்கு இருக்கு, ஆனா ஒரே ரூம், ஒரே டீச்சர், புஸ்தகம் மட்டும் வேற. அதனால தமிழ் மீடியத்துலயே போட்டுட்டு இங்கிலீஷ நாங்க வீட்ல பார்த்துக்கறோம்.

அப்புறம் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சா மெடிக்கல்ல 7.5% இடஒதுக்கீடு, பொண்ணா இருந்தா காலேஜ் படிக்கறப்ப புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ₹1000ன்னு அட்வைஸ் பண்றவங்களுக்கு: ரெண்டும் ஆறுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் படிச்சிருந்தாதான் கணக்கு. ஒண்ணாங்கிளாஸ் எங்க சேர்க்கறோம்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

உறுத்துறது ரெண்டு விஷயம். ஒண்ணு டிரான்ஸ்ஃபர். எனக்கு பிடிச்ச அந்த டீச்சர் அடுத்த கலந்தாய்வுல சொந்த ஊர் பக்கம் கிடைச்சா கெளம்பிடுவாங்க, கேட்டேன், மறைக்காம "ட்ரை பண்ணிட்டுதான் இருக்கேன் மேடம்"னாங்க. அவங்க போனா வர்றவங்க எப்படியோ. இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, வருஷா வருஷம் பார்த்துதான் முடிவு பண்ணணும். இன்னொண்ணு டாய்லெட். பொண்ணுங்க டாய்லெட் நல்லாவே கட்டியிருக்கு, ஆனா பூட்டியிருக்கு. சுத்தம் பண்ண ஆள் ஒழுங்கா வராததால நாறிடும்னு பூட்டி வச்சிருக்காங்களாம், புள்ளைங்க பின்னாடி கருவேலங்காட்டுப் பக்கம் போகுதுங்க. அஞ்சு வயசுப் பொண்ண அப்படி அனுப்ப மாட்டேன்னு ஹெச்எம்கிட்ட நேராவே சொல்லிட்டேன். சாவி மொதல்ல புள்ளைங்க கைக்கு எட்டற மாதிரி ஆணில தொங்கட்டும், அப்புறம் கையெழுத்து போடறேன்னேன்.

சாவி இப்ப ஆணில தொங்குது. உள்ள குழாய்ல தண்ணி வரல, வாளில பிடிச்சு வைக்கறாங்க. அட்மிஷன் போட்டாச்சு, ஒண்ணாங்கிளாஸ்ல பாப்பாவோட நாலு பேரு. பள்ளி மேலாண்மைக் குழுவுல பெற்றோர்தான் அதிகம் இருக்கணும், ஆனா எங்க ஊர்ல அது கையெழுத்து வாங்கற நோட்டாதான் இருக்கு. அடுத்த கூட்டத்துக்கு நான் போறேன், குழாயும் சுத்தம் பண்ற அக்காவோட சம்பள பாக்கியும்தான் மொத பேச்சு. உங்க ஊர் பஞ்சாயத்துல அந்த சம்பளத்த மாசா மாசம் எப்படி வாங்கறீங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, கூட்டத்துல கேட்க உதவும்.