26 வாரமா, 12 வாரமா? அமெரிக்காவில் காயம்பட்ட படைவீரரைக் கவனிக்க விடுப்பு

விடுப்பு யாருக்கு என்று முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். படைப்பணியில் காயம்பட்டவர் தன் பழைய வேலைக்குத் திரும்புவது யூசெர்ரா (படையினரின் வேலை, மறுவேலை உரிமைச் சட்டம்) சட்டத்தில் வரும். அவரைக் கவனிக்கும் குடும்பத்தாருக்கு எஃப்எம்எல்ஏ (குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம்).

எஃப்எம்எல்ஏவில் கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், நெருங்கிய ரத்த உறவினர் 26 வாரம் வரை எடுக்கலாம். சம்பளம் கிடையாது, கம்பெனி வழியான மருத்துவக் காப்பீடு மட்டும் தொடரும். அதே நிறுவனத்தில் 12 மாதம், கடந்த ஓராண்டில் 1,250 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். 75 மைலுக்குள் 50 ஊழியர்கள் இருக்க வேண்டும்.

அதிகம் சொதப்புவது கணக்கில்தான். பல கம்பெனிகள் விடுப்பை ஜனவரி–டிசம்பர் என்று எண்ணும். இந்த 26 வாரத்துக்கு அது செல்லாது. முதல் விடுப்பு நாளிலிருந்து 12 மாதம். அதற்குள் எடுக்காதது போய்விடும். அந்த ஓராண்டில் பிரசவம், சொந்த நோய் என்று எடுப்பதும் இதே 26-க்குள் அடக்கம், அவற்றுக்கு உச்சம் 12 வாரம். வீரருக்காக 16 வாரம் போனால் மற்றவற்றுக்கு 10தான் மிச்சம்.

முன்னாள் வீரர் என்றால், அவர் படையிலிருந்து விடுபட்ட 5 ஆண்டுக்குள் விடுப்பு தொடங்கியாக வேண்டும். தொடங்கிவிட்டால், 5 ஆண்டு நடுவில் முடிந்தாலும் அந்த 12 மாதம் ஓடும். கெடு நெருங்கினால் ஒரு நாளாவது முன்பே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

முன்னாள் வீரருக்கான மருத்துவச் சான்றுக்கு டபிள்யூஎச்-385-வி படிவம். பணியில் இருப்பவருக்கு வெறும் 385. நிறுவனம் கேட்டதிலிருந்து 15 நாளில் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டு எடுப்பதாக இருந்தால் மாதத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். 'தேவைப்படும்போது' என்று மட்டும் எழுதினால் திரும்பி வரும். என்ன குறை என்று நிறுவனம் எழுத்தில் சொல்லி, சரிசெய்ய 7 நாள் தர வேண்டும். முன்னாள் வீரர் நலத்துறையின் விரிவான குடும்பப் பராமரிப்பாளர் திட்டத்தில் அவர் சேர்ந்திருந்தால் இந்த அலைச்சலே வேண்டாம். சேர்ப்புக் கடிதமே சான்று, அதில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் சரி.

யூசெர்ராவுக்கு ஊழியர் எண்ணிக்கை வரம்பே இல்லை. படையில் 180 நாளுக்கு மேல் பணியாற்றியவர், அந்தப் பணி முடிந்த 90 நாளில் பழைய வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பணியில் பட்ட காயத்திலிருந்து தேறிவருகிறார் என்றால் 2 ஆண்டு வரை அவகாசம். அவருக்கு உரிய பதவியை, ஊனத்துக்கேற்ற வசதி செய்து, கொடுக்க நிறுவனம் முயல வேண்டும். அது முடியாவிட்டால் அதற்கு நிகரான வேலை, அதுவும் இல்லையென்றால் அதற்கு மிக நெருக்கமானது.